ஆய்வு மாணவருக்கு ஒரு துணை

அறிவியல் ஆய்வுக்கு ஒதுக்குப்புறத்திலிருந்து வரும் மாணவரைக் கரைசேர்ப்பதில் மேற்பார்வையாளருக்கே பெரும் பங்கு உண்டு. இலங்கையின் வடக்கே, வடமராட்சியின் பருத்தித்துறையிலுள்ள ஹாட்லிக் கல்லூரியில் படித்த கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசருக்குக் கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் போல் டிராக் மேற்பார்வையாளராக வாய்த்தார். அதே கல்லூரியின் அழகையா துரைராஜாவுக்கு அங்கே கென்னத் றொஸ்கோவின் ஆய்வுக்குழுவில் இடம் கிடைத்தது. ஈரக்களி பாரத்துக்கு எப்படி இளகிக் கொடுக்கிறது என்பதைக் கணக்கில் பிடித்து, றொஸ்கோ, அவரது குழுவின் ஸ்கோஃபீல்ட் இருவரோடும் 1963இல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றும் மண் பொறியியலின் அத்திவாரங்களில் ஒன்று.

அடுத்த தலைமுறைக்குப் படலை அடைபட்டது. 1971இல் பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 400க்கு 227 புள்ளி போதும். தமிழ்மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும். முதற்பட்டத்துக்கே இடம் கிடைக்காதவர் ஆய்வுக்கு எங்கே போவது? 1974இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் திறந்தது. பின்னர் போர் வந்தது. 1990இல் அரசு வடக்குக்கு விதித்த பொருளாதாரத் தடையில், ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில்தான் பிள்ளைகள் படித்தார்கள். அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த துரைராஜா, எரிபொருள் இல்லாமல் சைக்கிளில் போய்வந்தார். 1994இல் இறக்கும்வரை மாணவரோடேயே நின்றார். கேம்பிரிட்ஜ் கட்டுரைக்கு இணையான பணி இது. வடக்கில் பொறியியற் பீடம் 2013இல்தான் கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்தது.

இப்போது கதவு திறந்திருக்கிறது. ஆனால் உள்ளே போனவரின் மனச்சுமை பெரிது. 26 நாடுகளின் 2,279 பட்டப்பின்படிப்பு மாணவரிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், 41 சதவீதத்தினருக்கு நடுத்தர அல்லது கடுமையான பதகளிப்பு இருந்தது. பதகளிப்போ மனச்சோர்வோ உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், மேற்பார்வையாளரிடமிருந்து உண்மையான வழிகாட்டல் கிடைப்பதாகச் சொல்லவில்லை.

வடமராட்சிப் பிள்ளைக்கு இதோடு மொழியும் சேர்கிறது. உயர்தரம்வரை தமிழில் படித்துவிட்டு, ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதவேண்டும். பெண்பிள்ளை என்றால், "இன்னும் எத்தனை வருசம் படிப்பு?" என்று வீட்டிலும் கேட்பார்கள். மாதாமாதம் தவறாமல் உதவிப்பணம் வந்தால், அந்தக் கேள்விக்குச் சொல்ல ஒரு பதிலாவது இருக்கும். எழுத்துக்கு மேற்பார்வையாளர்தான் உதவவேண்டும். முதல் வரைவைச் சிவப்பு மையால் நிரப்பித் திருப்பி அனுப்பினால் பிள்ளை ஒடுங்கிப்போகும். பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு வசனத்தையும் ஏன் மாற்றுகிறோம் என்று சொல்லித் திருத்தினால், இரண்டாவது வரைவை அது தானாகவே எழுதும்.