வேலை மாற்ற ஆணை

வேலை மாற்ற ஆணை என்பது, கட்டுமான ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தான பின்னர், அதில் அடங்கியுள்ள வேலையின் அளவு, தன்மை, தரம், வடிவமைப்பு, கால எல்லை முதலியவற்றில் செய்யப்படும் மாற்றத்தை ஒப்பந்ததாரருக்கு எழுத்து மூலம் அறிவிக்கும் ஆணையாகும். அமெரிக்க ஒப்பந்தங்களில் இது "மாற்றம்" என்றும், பிரித்தானிய மரபில் அமைந்த ஒப்பந்தங்களில் "வேறுபாடு" என்றும், இந்தியப் பொதுப்பணித் துறைகளின் வழக்கில் "விலகல்" என்றும் குறிப்பிடப்படுகிறது. அரசுப் பணத்தில் நடைபெறும் கட்டுமானங்களில் இவ்வாணைகள் எவ்வாறு கையாளப்படுகின்றன என்பதை, பெரும்பாலும் இந்திய நடைமுறையை அடிப்படையாகக் கொண்டு, இக்கட்டுரை விளக்குகிறது.

மாற்றம் ஏன் தேவைப்படுகிறது

வரைபடத்தில் உள்ளபடியே கட்டி முடிக்கப்படும் பெரிய கட்டடம் அரிது. அடித்தளம் தோண்டும்போது எதிர்பாராத பாறையோ, பழைய கிணறோ, எவரது வரைபடத்திலும் இல்லாத குடிநீர்க் குழாயோ வெளிப்படலாம். கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடமும் கட்டடக் கலைஞரின் வரைபடமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருக்கலாம். மருத்துவமனைக்கெனத் திட்டமிட்ட அறையில் புதிய கருவி ஒன்றை வைக்க வேண்டும் எனப் பயன்படுத்தும் துறை பாதி வேலையில் கேட்கலாம். இவற்றுள் முதலாவது தவிர்க்க இயலாதது. மற்றவை பெரும்பாலும் வடிவமைப்பு முடியும் முன்பே ஒப்பந்தப்புள்ளி கோரும் அவசரத்தின் விளைவுகளாகும்.

இவ்வவசரத்துக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு சிட்னி ஒப்பேரா மாளிகை. யோர்ன் உட்சனின் வடிவமைப்பு 1957 ஆம் ஆண்டு தெரிவு செய்யப்பட்டது. கூரையை எந்த வடிவியலில் கட்டுவது என்பது தீர்மானிக்கப்படும் முன்பே 1959 இல் அடிமேடை வேலை தொடங்கப்பட்டது. பின்னர் கூரையின் இறுதி வடிவம் அமைந்தபோது, ஏற்கெனவே கட்டப்பட்டிருந்த தூண்கள் அச்சுமையைத் தாங்கப் போதாமல் போனதால் அவற்றைத் திருத்திக் கட்ட வேண்டியதாயிற்று. சுமார் 7 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் செலவில் 1963 இல் முடியும் என்று மதிப்பிடப்பட்ட மாளிகை, 102 மில்லியன் டாலர் செலவில் 1973 இல் திறக்கப்பட்டது. உட்சன் 1966 இலேயே பணியிலிருந்து விலகிவிட்டார்.

அரசு ஒப்பந்தங்களின் தனித்தன்மை

தனியார் ஒருவர் தமது வீட்டைக் கட்டும்போது "இந்தச் சுவரை இடித்துவிட்டு அங்கே ஒரு சாளரம் வையுங்கள்" என்று மேத்திரியாரிடம் சொன்னால் போதும். பணம் அவருடையது, முடிவும் அவருடையது. அரசு ஒப்பந்தத்தில் அவ்வாறு செய்ய இயலாது. செலவுக்கு முன்கூட்டியே நிருவாக ஒப்புதலும் தொழில்நுட்ப ஒப்புதலும் பெறப்பட்டிருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் போட்டியின் மூலம் தெரிவு செய்யப்பட்டவர் ஆதலால், வேலையைப் பின்னர் பெரிதும் மாற்றுவது தோற்றுப்போன மற்றப் போட்டியாளர்களுக்கு அநீதியாகும். இவற்றுக்கு மேலாக, ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் என்ன, விலை எவ்வாறு முடிவாயிற்று என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் தணிக்கையாளர் கேட்பார். அப்போது ஆணையிட்ட பொறியாளர் வேறு ஊருக்கு மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ இருக்கக்கூடும். கோப்பு மட்டுமே பதில் சொல்லும்.

விலகலின் வகைகளும் விலை நிர்ணயமும்

இந்திய மத்தியப் பொதுப்பணித் துறையின் பொது ஒப்பந்த நிபந்தனைகளில் கூறு 12 இது பற்றியதாகும். மாற்றம் செய்ய ஆணையிடும் அதிகாரத்தை அது பொறுப்புப் பொறியாளருக்கு வழங்குகிறது. அவ்வாணையை நிறைவேற்ற ஒப்பந்ததாரர் கடமைப்பட்டவர். விலகல்கள் பொதுவாக மூன்று வகைப்படும். அளவுப் பட்டியலில் உள்ள இனத்தின் அளவு கூடுவது அல்லது குறைவது ஒரு வகை. பட்டியலில் இல்லாத புதிய இனம் கூடுதல் இனம் எனப்படும். பட்டியலில் உள்ள ஓர் இனத்துக்குப் பதிலாக வேறொன்றைச் செய்வது, எடுத்துக்காட்டாக மொசைக் தரைக்குப் பதிலாகக் கிரானைட் பதிப்பது, மாற்று இனம் எனப்படும்.

முதல் வகை எளியது போலத் தோன்றினாலும், சிக்கல் மிகுதியாக மறைந்திருப்பது அதிலேயே. பின்வரும் கற்பனைக் கணக்கு இதனைத் தெளிவாக்கும்.

ஒரு வேலையில் சாதாரண மண் தோண்டுதல் 1,000 கன மீட்டர், கடும்பாறை உடைத்தல் 100 கன மீட்டர் என்று பட்டியலில் மதிப்பிடப்பட்டுள்ளது. முதல் ஒப்பந்ததாரர் மண்ணுக்குக் கன மீட்டருக்கு 100 ரூபாயும் பாறைக்கு 2,000 ரூபாயும் கேட்கிறார். மொத்தம் 3,00,000 ரூபாய். இரண்டாமவர் மண்ணுக்கு 180 ரூபாயும் பாறைக்கு 1,300 ரூபாயும் கேட்கிறார். மொத்தம் 3,10,000 ரூபாய். குறைந்த தொகை கேட்ட முதலாமவருக்கே வேலை கிடைக்கிறது. தோண்டிய பின், மண் 800 கன மீட்டரும் பாறை 300 கன மீட்டரும் இருப்பது தெரியவருகிறது. இப்போது முதலாமவருக்குரிய தொகை 6,80,000 ரூபாய். இரண்டாமவர் இதே வேலையை 5,34,000 ரூபாய்க்குச் செய்திருப்பார். போட்டியில் வென்றவரே அதிக விலைக்காரர் ஆகிவிடுகிறார்.

இது தற்செயலாகவும் நிகழலாம். அளவு எங்கே கூடும் என்பதை முன்கூட்டியே அறிந்த ஒருவர், அவ்வினத்துக்கு மட்டும் உயர்ந்த வீதமும், குறையக்கூடிய இனங்களுக்குத் தாழ்ந்த வீதமும் இட்டு வேண்டுமென்றே இதனைச் செய்யவும் இயலும். குறைந்த விலைக்காரர் என்னும் நிலை இவ்வாறு தலைகீழாவதைத் தணிக்கையாளரும் கண்காணிப்பு அமைப்புகளும் ஒப்பந்தப்புள்ளி கெட்டுப்போதல் என்ற பொருளில் குறிப்பிடுகின்றனர்.

இதற்குத் தடையாக அமைவதே விலகல் எல்லை. ஒப்பந்த அட்டவணையில் இது விழுக்காடாகக் குறிக்கப்படும். அவ்வெல்லை வரை ஒப்பந்த வீதமே செல்லும். அதற்கு மேற்பட்ட அளவுக்கு வீதம் திருத்தப்படலாம். மேற்கண்ட கணக்கில் எல்லை 30 விழுக்காடு என்றும், பாறை உடைத்தலின் சந்தை வீதம் 1,400 ரூபாய் என்றும் கொண்டால், முதல் 130 கன மீட்டருக்கு மட்டுமே 2,000 ரூபாய் கிடைக்கும். எஞ்சிய 170 கன மீட்டருக்கு 1,400 ரூபாய் வீதம் கணக்கிடப்படும். மொத்தத் தொகை 6,80,000 ரூபாயிலிருந்து 5,78,000 ரூபாயாகக் குறைகிறது. இழப்பு முற்றிலும் நீங்காவிட்டாலும் பெரும்பகுதி தடுக்கப்படுகிறது. இவ்விதி ஒப்பந்ததாரருக்கும் பாதுகாப்பாகும். நட்டத்தில் வீதம் இட்ட ஓர் இனத்தின் அளவு பன்மடங்கு பெருகினால், எல்லையைக் கடந்த அளவுக்கு அவரும் சந்தை வீதம் கோரலாம்.

கூடுதல் இனத்துக்கு ஒப்பந்த வீதம் இல்லை ஆதலால், ஒப்பந்ததாரர் விலைப் பகுப்பாய்வு ஒன்றைக் குறித்த நாட்களுக்குள் அளிக்க வேண்டும். கூறு 12 நீண்டகாலம் வழங்கிய வடிவில் இதற்கு 15 நாட்கள் தரப்பட்டன. பொருள், கூலி, எந்திர வாடகை, மேற்செலவு, இலாபம் ஆகியவை அதில் தனித்தனியே காட்டப்படும். பொறியாளர் அதனைச் சந்தை விலைகளோடு ஒப்பிட்டு வீதத்தை முடிவு செய்வார். சிற்றொப்பந்ததாரர்கள் பலர் இப்பகுப்பாய்வைக் காலத்தில் அளிப்பதில்லை. வேலையை முடித்துவிட்டு, பற்றுச்சீட்டுகளையும் இழந்துவிட்டு, இறுதிப் பட்டியலின்போது வாதிடுவது அவர்களுக்குப் பெரும் நட்டத்தையே தருகிறது.

கால நீட்டிப்பு

வேலை கூடினால் காலமும் கூட வேண்டும். கூடுதல் வேலையின் மதிப்புக்கும் முதல் ஒப்பந்த மதிப்புக்கும் உள்ள விகிதப்படி காலத்தை நீட்டி, அந்நீட்டிப்பில் மேலும் 25 விழுக்காட்டைச் சேர்ப்பது கூறு 12 இல் காணப்படும் முறையாகும். 1 கோடி ரூபாய் மதிப்பும் 10 மாதக் காலமும் கொண்ட வேலையில் 10 இலட்ச ரூபாய்க்குக் கூடுதல் வேலை தரப்பட்டால், 1 மாதமும் அதன் காற்பங்கும் கிடைக்கும். பொறியாளர் தக்கதெனக் கருதினால் இதற்கு மேலும் வழங்கலாம். இதற்குக் காரணம் உண்டு. விலையில் சிறிதான மாற்றம் காலத்தில் பெரிதாக இருக்கக்கூடும். ஒரு தூணின் வடிவமைப்பு மாறி, புதிய வரைபடம் வர ஆறு வாரங்கள் ஆனால், கூடுதல் செலவு சில ஆயிரமே ஆயினும் அதன் மேலுள்ள தளங்கள் அனைத்தும் காத்திருக்க நேரும்.

வாய்மொழி ஆணை

மேற்கூறிய விதிகள் அனைத்தும் ஆணை எழுத்தில் இருப்பதாகக் கொண்டே இயங்குகின்றன. ஆனால் வேலைத்தளத்தில் பெரும்பாலும் நிகழ்வது வேறு. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் "இதையும் செய்துவிடுங்கள், ஆணை பிறகு வரும்" என்பார். மறுத்தால் அடுத்த பட்டியல் தாமதமாகலாம் என்னும் அச்சத்தில் ஒப்பந்ததாரர் செய்துவிடுவார்.

இதன் சட்டநிலையை விளக்கும் முதன்மையான தீர்ப்பு, மேற்கு வங்க மாநிலத்துக்கும் பி. கே. மண்டல் அண்டு சன்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1961 டிசம்பரில் வழங்கியதாகும். 1944 இல் வங்காள அரசின் குடிமைப் பொருள் வழங்கல் துறைக்காக ஆரம்பாக் என்னும் ஊரில் அந்நிறுவனம் தற்காலிகக் கிடங்குகளைக் கட்டியது. அதற்கான பணம் கிடைத்தது. அதிகாரிகளின் வேண்டுகோளின்படி மண் சாலை, அலுவலகம், சமையலறை முதலியவற்றையும் மேலும் சில கிடங்குகளையும் பின்னர் கட்டிக் கொடுத்தது. அவற்றுக்கான 19 ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை அரசு தர மறுத்தது. ஆணையிட்டவர்களுக்கு அரசின் சார்பில் ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் இல்லை என்பதும், 1935 ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் வகுத்த வடிவில் ஒப்பந்தம் அமையவில்லை என்பதும் அரசின் வாதங்கள்.

செல்லுபடியாகும் ஒப்பந்தம் இல்லை என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனினும், 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70 ஆம் பிரிவின்படி, இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் சட்டப்படி செய்த வேலையின் பயனை மற்றவர் அனுபவித்தால் ஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கட்டடத்தை வேண்டாம் என்று மறுக்கும் உரிமை அரசுக்கு இருந்தது. ஏற்றுப் பயன்படுத்திய பின் பணம் தர மறுக்க இயலாது என்பதே இதன் சாரம். அரசு ஒப்பந்தங்களின் வடிவம் பற்றி இன்று அரசியலமைப்பின் 299 ஆம் உறுப்பு கூறுகிறது.

இத்தீர்ப்பை வாய்மொழி ஆணைக்குக் கிடைத்த அங்கீகாரமாகக் கொள்வது தவறு. 70 ஆம் பிரிவு தருவது ஈடு மட்டுமே. ஒப்பந்த விலை அன்று. செல்லுபடியாகும் ஒப்பந்தம் நடைமுறையில் இருந்து, மாற்றங்களுக்கான வழியையும் அதுவே வகுத்திருந்தால், அவ்வழியை விட்டு இப்பிரிவை நாடுவது எளிதன்று. மேலும், 1944 இல் செய்த வேலைக்கு இறுதித் தீர்ப்பு வர 17 ஆண்டுகள் ஆயின.

மாற்றத்தின் எல்லை

எவ்வளவு மாற்றினால் அது மாற்றமாக இல்லாமல் புதிய ஒப்பந்தமே ஆகிவிடும் என்பது பல நாடுகளில் எழுந்த வினா. அமெரிக்கக் கூட்டரசுக் கொள்முதல் விதிகளின்படி, ஒப்பந்தத்தின் பொதுவான வரம்புக்குள் அடங்கும் மாற்றங்களுக்கு மட்டுமே ஒப்பந்த அலுவலர் ஆணையிட முடியும். அதனை மீறிய மாற்றம் ஒப்பந்த முறிவாகக் கருதப்படும். ஐரோப்பிய ஒன்றியம் எண்களையே வகுத்துள்ளது. அதன் 2014 ஆம் ஆண்டுக் கொள்முதல் நெறியாணையின் 72 ஆம் உறுப்பு, எதிர்பாராத சூழ்நிலையால் எழும் மாற்றம் ஒவ்வொன்றும் முதல் ஒப்பந்த மதிப்பில் 50 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. கட்டுமான வேலைகளில், நெறியாணையின் நிதி வரம்புக்கு உட்பட்டு 15 விழுக்காட்டுக்குக் குறைவாக அமையும் சிறு மாற்றங்களுக்குக் காரணம் காட்டத் தேவையில்லை. ஆனால் ஒப்பந்தத்தின் ஒட்டுமொத்தத் தன்மை மாறக்கூடாது. மற்றபடி வேலையின் தன்மையைக் கணிசமாக மாற்ற வேண்டுமெனில் மீண்டும் போட்டிக்கு விட வேண்டும்.

பன்னாட்டு நிபந்தனைகள்

வெளிநாட்டுக் கடனுதவியில் நடைபெறும் வேலைகளில், ஃபிடிக் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பின் நிபந்தனைகள் பரவலாகப் பயன்படுகின்றன. இலங்கை அரசுக் கட்டுமானங்களுக்கென இக்டாட் நிறுவனம் வெளியிட்ட மாதிரி ஒப்பந்த ஆவணங்களிலும் இவற்றின் செல்வாக்கைக் காணலாம். 2014 ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின் இந்நிறுவனத்தின் இடத்தில் கட்டுமானக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை உள்ளது.

ஃபிடிக் 1999 ஆம் ஆண்டுச் செந்நூலின் 13 ஆம் கூறு வேறுபாடுகளைப் பற்றியது. ஒரு வேலையை ஒப்பந்தத்திலிருந்து நீக்கி அதனை வேறொருவரிடம் கொடுக்கக்கூடாது என்னும் அதன் விதி குறிப்பிடத்தக்கது. ஒப்பந்ததாரரைத் தண்டிக்க மாற்ற ஆணையைப் பயன்படுத்துவதை இது தடுக்கிறது. அதே நூலின் 20 ஆம் கூறு ஒப்பந்ததாரரிடம் கடுமையாக நடந்துகொள்கிறது. கூடுதல் பணமோ காலமோ கோர விரும்பும் ஒப்பந்ததாரர், காரணமான நிகழ்வை அறிந்த அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாட்களுக்குள் அறிவித்தல் தர வேண்டும். தவறினால் உரிமையே போய்விடும்.

இறுதிப் பட்டியல்

தீராத விலகல்கள் அனைத்தும் இறுதிப் பட்டியலில் வந்து சேருகின்றன. இந்தியாவில் பல துறைகள், இறுதித் தொகையை வழங்கும் முன் "இனிக் கோரிக்கை எதுவும் இல்லை" என ஒப்பந்ததாரரிடம் சான்று எழுதி வாங்குகின்றன. கடன்பட்டு நிற்கும் ஒப்பந்ததாரர், ஏற்கப்பட்ட தொகையையாவது பெறவேண்டி இதில் கையெழுத்திடுவது வழக்கம். இரயில்வே ஒப்பந்தம் தொடர்பான அம்பிகா கன்ஸ்ட்ரக்சன் வழக்கில் 2006 இல் உச்ச நீதிமன்றம், இத்தகைய சான்று பின்னர் எழுப்பப்படும் கோரிக்கைக்கு முழுமையான தடையாகாது என்று கூறியது. ஆயினும், நெருக்கடியால் கையெழுத்திட நேர்ந்தது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு ஒப்பந்ததாரருடையதே. அவர் அப்போது முன்வைக்கக்கூடியவை, வேலை நடந்த நாட்களில் எழுதிய கடிதங்களும், அளவுப் புத்தகப் பதிவுகளும், வேலைத்தள ஆணைப் புத்தகத்தில் பொறியாளர் இட்ட கையொப்பங்களுமே.