தையில் மாம்பழம் எதற்கு? காற்றைப் பார்த்து வாங்கச் சொல்லும் தீவுகள்

கடந்த தை மாதம் நெடுந்தீவுக்குப் போனபோது, வெறுங்கையோடு போகக்கூடாது என்று யாழ்ப்பாண நகரில் ஒன்றரைக் கிலோ மாம்பழம் வாங்கினேன். தோல் மஞ்சளாகப் பளபளத்தது. குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரப் படகுப் பயணம். நான் தங்கிய வீட்டு ஆச்சி ஒரு பழத்தை மணந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, தையில ஆரும் மாம்பழம் வாங்குவினமே? கிழங்கு கிண்டுற மாதமெல்லோ இது" என்றார். வெட்டிப் பார்த்தோம். உள்ளே வெளிறி, புளித்தது. அன்று மாலை நாங்கள் சாப்பிட்டது அவருடைய வளவில் கிண்டி அவித்த பனங்கிழங்கு.

இந்தச் சின்ன அவமானம்தான் ஒரு கேள்வியைக் கிளப்பியது. எல்லாம் எப்போதும் சந்தையில் கிடைக்கும் இந்தக் காலத்தில், எந்த மாதத்தில் எதை வாங்க வேண்டும் என்று நமக்குத் தெரியுமா?

மலையிலிருந்து தீவு வரை

ஊர்காவற்றுறையிலோ நயினாதீவிலோ ஒரு கடையில் இருக்கும் கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி ஆகியவற்றின் பயணத்தை யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் மலைநாட்டில் விளைந்து, தம்புள்ளை போன்ற மொத்தச் சந்தையில் கைமாறி, ஏ-9 வீதியில் லொறியேறி யாழ்ப்பாணம் வருகின்றன. தம்புள்ளையிலிருந்து மட்டும் சுமார் 250 கிலோமீற்றர். ஊர்காவற்றுறைக்குத் தரைவழி உண்டு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அதற்குப் பிறகும் படகும் ஏற்றுகூலியும் இருக்கின்றன. கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. பறித்த நேரத்திலிருந்தே மரக்கறியில் உள்ள உயிர்ச்சத்து சி குறையத் தொடங்குகிறது. தூரம் கூடக் கூட விலை ஏறுகிறது, சத்து இறங்குகிறது.

சொந்தமாக எல்லாவற்றையும் விளைவிக்கவும் முடியாது. தீவுகளில் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் மழைநீர், கீழே உள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்துவிடும். கோடையில் கிணற்றை அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறும். அதனால் தோட்டத்தின் நாட்காட்டியை எழுதுவது கிணறுதான்.

மாதம் பார்த்து வாங்க

மழைக்காலம் இலைக்கறியின் காலம். முசுட்டை, பசளி, சாறணை, வல்லாரை என்று வேலியோரமும் வளவும் பசுமையாகும். பலவற்றுக்குக் காசே தேவையில்லை. இலை துளிராக, காம்பு இலகுவில் முறிவதாக இருந்தால் பறித்த அன்றே வறை வறுத்துவிடுங்கள்.

தை முதல் பங்குனி வரை கிணறு நிறைந்திருக்கும். கத்தரி, தக்காளி, பயற்றங்காய், பூசணி எல்லாம் மலிவாகக் கிடைக்கும் காலம். கத்தரிக்காயைக் கையில் எடுத்தால் பாரமாகவும் தோல் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். முருங்கைக்காயை இலேசாக முறுக்கிப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் பிஞ்சு, விறைத்து நின்றால் முற்றல். பனங்கிழங்குக்கும் இதுவே காலம்.

சித்திரை, வைகாசியில் நுங்கும் வெள்ளரிப்பழமும். வெயிலுக்கு உடம்பு கேட்பதையே மண்ணும் தருகிறது. வைகாசியிலிருந்து ஆடி வரை கறுத்தக் கொழும்பான். நிறத்தை நம்பி ஏமாறாதீர்கள், நான் ஏமாந்தேன். காம்படியில் மணம் வர வேண்டும். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவும் இந்தப் பருவத்தில்தான் வரும். அன்னதானத்துக்குப் படகில் வரும் மரக்கறி மூடைகளைப் பார்த்தால், ஒரு சிறு தீவு வெளியிலிருந்து எவ்வளவு வாங்குகிறது என்பது விளங்கும்.

சோழகக் காற்று பலமாக அடிக்கும் ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். களியைப் பிசைந்து பனங்காய்ப் பணியாரம் சுடலாம், வெயிலில் காயவைத்துப் பனாட்டு ஆக்கலாம். மிஞ்சிய விதைகளை மழைக்கு முன் பாத்தியில் அடுக்கினால், மூன்று நான்கு மாதங்களில் கிழங்கு. அதைப் பச்சையாகக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பருவம் முடிந்த பிறகும் சாப்பிட இப்படி ஒரு வழி இருந்தது. ஒடியல் மாவில் காய்ச்சும் கூழ் எந்த மாதமும் கிடைப்பதற்குக் காரணம் இதுதான்.

பாதை மூடிய காலம்

இதெல்லாம் பழம்பெருமை பேசுவதற்காக அல்ல. 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது நான் பள்ளி மாணவி. தெற்கிலிருந்து வரும் மரக்கறி நின்றது, கடை விலைகள் எட்டாத உயரத்துக்குப் போயின. அம்மாவின் சமையலறையில் முருங்கையிலையும் வளவுக் கீரையும் ஒடியல் மாவும்தான் மிஞ்சின. அப்போது அது எங்களுக்குத் தண்டனைபோல இருந்தது. இன்று நினைத்தால், அம்மாவுக்கு அந்த நாட்காட்டி தெரிந்திருந்ததால்தான் நாங்கள் பசியோடு படுக்கவில்லை.

1990-களின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்த பல குடும்பங்கள் தீவுகளுக்குத் திரும்பவே இல்லை. ஆளில்லாத வளவில் பனம்பழம் விழுந்தபடி கிடக்கிறது. பொறுக்க ஆளில்லாவிட்டால் பாத்தி இல்லை, பாத்தி இல்லாவிட்டால் கிழங்கும் இல்லை. நாட்காட்டி மறந்துபோகும் தீவு, லொறியையும் படகையும் மட்டும் நம்பி நிற்கும்.

எல்லாவற்றையும் இன்றே மாற்ற வேண்டியதில்லை. கரட்டும் போஞ்சியும் வாங்கத்தான் செய்வோம். அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது, "இது எங்கே விளைந்தது, எப்போது பறித்தது?" என்று ஒரு தடவை கேளுங்கள். பையில் பாதியாவது அருகில் விளைந்ததாக இருக்கட்டும்.

ஆச்சி வீட்டுக்கு ஆனி மாதம் மறுபடியும் போக இருக்கிறேன். இம்முறை மாம்பழத்தை மணந்து பார்த்துத்தான் வாங்குவேன்.