வெளிநாட்டு உரிமம், இந்திய விமானம்

ஒரு விமானியின் உரிமம் எங்கே செல்லும் என்பதை அவர் பறக்கும் வானம் முடிவு செய்வதில்லை. அவர் ஓட்டும் விமானம் எந்த நாட்டில் பதிவானது என்பதே முடிவு செய்கிறது. 1944இல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையின் 32ஆவது பிரிவுப்படி, பன்னாட்டுப் பயணம் போகும் விமானத்தின் விமானி, அந்த விமானம் பதிவான நாடு வழங்கிய அல்லது ஏற்றுக்கொண்ட உரிமத்தை வைத்திருக்க வேண்டும். அமெரிக்க உரிமம் உள்ளவர் அமெரிக்கப் பதிவு விமானத்தைச் சென்னையில் இறக்கலாம். பக்கத்திலேயே நிற்கும் ‘விடி’ பதிவெண் கொண்ட இந்திய விமானத்தை அதே உரிமத்தோடு ஓட்ட முடியாது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையிலிருந்து பிரிட்டன் விலகியபோது இந்த விதியின் வலு தெரிந்தது. 2021 ஜனவரி முதல், பிரிட்டிஷ் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஐரோப்பிய ஒன்றியப் பதிவு விமானங்களை ஓட்ட வழியில்லாமல் போனது. விமானிகளின் திறமை ஒரே இரவில் குறைந்துவிடவில்லை. அனுமதி வழங்கும் அதிகாரம்தான் பிரிந்தது.

அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் வணிக விமானி உரிமம் பெற்றுத் திரும்பும் இந்திய மாணவர்கள் இதனால்தான் டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தை நாட வேண்டியிருக்கிறது. பறந்த மணிகள் வீணாவதில்லை. ஆனால் மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது. இந்திய விதிப்படி தேவையான 200 மணியில் 100 மணி தலைமை விமானியாகப் பறந்திருக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் பறந்ததில் குறைந்தது 300 கடல் மைல் கொண்ட ஒரு பயணமும் இருக்க வேண்டும். இரவுப் பறப்புக்கும் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கும் தனிக் கணக்கு உண்டு. சில மணிகள் விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் பறந்தவையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் பலரை மாட்டிவிடுகிறது. படிப்பு முடிந்து ஊர் திரும்பி, தேர்வுக்குத் தயாராவதிலேயே அந்த ஆறு மாதம் கரைந்துவிடுகிறது. எனவே தேர்வுகளை முன்கூட்டியே எழுதி வைப்பது புத்திசாலித்தனம்.

எழுத்துத் தேர்வுகளில் விமான ஒழுங்குவிதிகள் முக்கியமான தாள். வழிகாணலும் வானிலையும் சேர்ந்து வரும் கூட்டுத் தாளும் உண்டு. தேர்ச்சிக்கு 70 சதவீத மதிப்பெண் வேண்டும். படித்ததையே மறுபடி கேட்கிறார்கள் என்ற மனக்குறை மாணவர்களிடம் இருந்தாலும் இந்தத் தேர்வுகளுக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் காற்றழுத்தத்தைப் பாதரச அங்குலத்தில் சொல்வார்கள்; இந்தியாவில் ஹெக்டோபாஸ்கலில். உயரமானியைப் பொது அழுத்த அளவுக்கு மாற்றும் உயரம் அமெரிக்கா முழுவதும் 18,000 அடி; இந்தியாவில் அது விமான நிலையத்துக்கு நிலையம் வேறுபடும். பருவமழையின் இடிமேகங்களையும் வட இந்தியக் குளிர்காலப் பனிமூட்டத்தையும் அரிசோனா பாலைவனத்தில் பயின்றவர் முன்பே சந்தித்திருக்க மாட்டார். வானொலித் தொடர்புக்கான தகுதிச் சான்றும் முதல் வகுப்பு மருத்துவத் தகுதியும் இவற்றோடு சேர்ந்து தேவை.

உரிமம் உண்மையானதுதானா என்று அதை வழங்கிய நாட்டிடமே கேட்டு உறுதி செய்வது மிக அவசியமான படி. இதனால் ஏற்படும் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். 2020இல் பாகிஸ்தானில் 262 விமானிகளின் உரிமங்கள் சந்தேகத்துக்கு உள்ளானதாக அந்நாட்டு அமைச்சரே அறிவித்தார். அதையடுத்து அந்நாட்டு தேசிய விமான நிறுவனம் ஐரோப்பாவுக்குப் பறக்கத் தடை வந்தது. 2024 நவம்பரில்தான் அது நீங்கியது. ஒரு நாட்டின் உரிமத்தின் மீது நம்பிக்கை போனால், நேர்மையாகத் தேர்ச்சி பெற்ற விமானிகளும் சேர்ந்தே பாதிக்கப்படுகிறார்கள்.

இத்துடன் பகலிலும் இரவிலும் பறந்து காட்டும் சோதனைகளும் உண்டு. எல்லாம் முடிந்தால் கிடைப்பது இந்திய வணிக விமானி உரிமம். ஏர்பஸ் ஏ320 போன்ற விமானத்தில் துணை விமானியாக அமர, அந்த ரகத்துக்கான தனிப் பயிற்சியும் தகுதியும் பெற வேண்டும். பயணிகள் விமானத்தின் கேப்டனாவதற்கான உயர்நிலை உரிமத்துக்கு 1,500 மணி நேரப் பறப்பு தேவை. முறையாகப் பதிவான வெளிநாட்டு மணிகளும் அந்தக் கணக்கில் சேரும்.