புதையல் தோண்டினால் தீவு மிஞ்சாது

தமிழர்கள் எழுப்பிய நவசக்தி விநாயகர் கோயில் இருக்கும் விக்டோரியா, செஷல்ஸ் நாட்டின் தலைநகர். அங்கிருந்து படகேறினால் சிறிது நேரத்தில் மொயென் தீவு வந்துவிடும். பத்து ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவான இந்தத் தீவில் கடற்கொள்ளையர் புதையல் இருப்பதாக நெடுநாளாகப் பேச்சு உண்டு. இந்தக் கடலில் அப்படிப் பேச்சு எழுந்ததில் வியப்பில்லை. பதவி முடிந்து கோவாவிலிருந்து திரும்பிய போர்த்துக்கீசிய வைஸ்ராயின் கப்பலை 1721-ல் ரியூனியன் தீவருகே பிடித்துக் கொள்ளையடித்தவர்களில் ஒலிவியே லெவாசரும் ஒருவன். 1730-ல் அவன் தூக்கிலிடப்பட்டான். அவன் பொருள் எங்கே போனது என்ற தேடல் இன்றும் ஓயவில்லை.

1962-ல் மொயெனை விலைக்கு வாங்கிய ஆங்கிலேயப் பத்திரிகையாளர் பிரெண்டன் கிரிம்ஷாவும் புதையல் தேடித் தோண்டிப் பார்த்தார். பொன் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் ரெனே லாஃபோர்ச்சூன் என்ற உள்ளூர்க்காரருடன் சேர்ந்து அவர் நட்ட மரங்கள் சுமார் 16,000. புதர் மண்டிக் கிடந்த இடத்தில் மகாகனியும் மாவும் வளர்ந்தன, பறவைகள் வந்தன, ராட்சத ஆமைகள் பெருகின. 2008-ல் தீவு தேசியப் பூங்காவானது. பயணிகள் பகலில் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அவர்களை ஈர்ப்பதில் புதையல் கதைக்கும் பங்குண்டு. ஆனால் தங்கள் கண்ணால் அவர்கள் காண்பது காட்டையும் ஆமைகளையும்தான். தோண்டுவதை நிறுத்தி வளர்த்ததால்தான் அந்தத் தீவுக்கு மதிப்பு வந்தது.

தோண்டுவதை நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மன்னார் வளைகுடாவே சாட்சி. ராமேசுவரம் தொடங்கிக் கன்னியாகுமரி வரை நீளும் உயிர்க்கோளக் காப்பகம் அது. நமக்கு அது அயல்நாட்டுச் சங்கதி அல்ல. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்கும் சிமென்டுக்கும் பவளப்பாறைகளை உடைத்து அள்ளினார்கள். அலையைத் தடுத்த அரண் போனதும் கரை அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகளும் கடலுக்குள் போய்விட்டன.

தீவுகளுக்குப் போகாதே என்று தடுத்தால் ஏழைகள் எப்படிப் பிழைப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. 1986-ல் தேசியப் பூங்கா வந்தபின், தலைமுறையாகக் கடல்பாசி எடுத்த பெண்கள் சட்டத்தை மீறியவர்களாகப் பார்க்கப்பட்டது கொடுமைதான். ஆனால் அவர்களே மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அளவோடு எடுப்பவரையும் பாறையோடு பெயர்ப்பவரையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. சுற்றுலா வருமானம் வேண்டும் என்பாருக்கும் மொயெனில் விடை இருக்கிறது: இரவு தங்கல் இல்லாமலே அங்கே ஆள் வருகிறது. விடுதி கட்டினால் ஒருமுறை பணம் பெருகலாம். தீவு கெட்டால் அந்த வருமானமும் நின்றுவிடும்.

ஆகவே மன்னார் வளைகுடாத் தீவுகளின் விதிகளைக் கடலோர மக்களோடு உட்கார்ந்து பேசி வகுக்க வேண்டும். வகுத்தபின் பணமுள்ளவருக்காக அவற்றைத் தளர்த்தக் கூடாது. பார்க்கப் போகும் நாமும் ஒரு பவளத் துண்டைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு திரும்பக் கூடாது.