கல்லூரி வானொலியும் நம்மூர்க் குரலும்

குழித்தறியில் அமர்ந்து நெய்பவருக்குக் கைகள் நாடாவோடும், கால்கள் மிதியோடும், கண்கள் ஊடையோடும் கட்டுண்டிருக்கும். ஓய்ந்திருப்பது காது ஒன்றே. பனையின் உச்சியில் பாளை சீவுபவருக்கும், விடியுமுன் முருங்கைக்காய் பறிப்பவருக்கும் ஏறத்தாழ இதே நிலைதான். படிப்பதற்கு நேரமும் வெளிச்சமும் வேண்டும். கேட்பதற்கு அவை வேண்டுவதில்லை. ஆகவேதான் நம் பகுதி உழைப்பாளருக்கும் வானொலிக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டாயிற்று. (விசைத்தறிக் கொட்டகையில் இருப்போர் இதனை ஒப்பமாட்டார்கள். அங்கே பக்கத்தில் நிற்பவர் கூவினாலும் கேட்பதில்லை.)

நம் கடற்கரையில் இலங்கை வானொலி தெளிவாக ஒலித்த காலத்தை மூத்த அங்கத்தினர் மறந்திருக்க மாட்டார்கள். 1963 டிசம்பர் 1ஆம் தேதி திருநெல்வேலி நிலையம் தொடங்கிற்று. பின்னர்த் தூத்துக்குடியிலேயே 200 கிலோவாட் ஆற்றலுள்ள மத்தியலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. கடல் கடந்து இலங்கையில் உள்ளோரும் கேட்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இங்ஙனம் அக்கரையிலிருந்து நாம் கேட்டோம். நம் கரையிலிருந்து அவர்கள் கேட்டார்கள். ஆனால் இத்தனை ஆண்டுகளில் சாத்தான்குளம் வட்டாரத்து நெசவாளியோ விவசாயியோ தம் வாயால் பேசி ஊராருக்கு ஒலிபரப்பிய நேரம் எவ்வளவு? விரல்விட்டு எண்ணத்தக்க நிமிடங்களே இருக்கும். இக்கட்டுரையில் கல்லூரி வளாகங்களிலும் சிற்றூர்களிலும் நடைபெறும் சிறு வானொலிகளைப் பற்றியும், கைப்பேசியில் கேட்கும் பாட்காஸ்ட் என்னும் பதிவொலியைப் பற்றியும் கூற முற்படுகிறோம்.

வானொலியால் பயிர்த்தொழில் அடைந்த நன்மைக்குத் தமிழ்நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. 1960களில் தஞ்சை வட்டாரத்தில் ஆடுதுறை 27 என்னும் நெல் பரவியபோது, விவசாயிகள் அதனை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். திருச்சி நிலையத்தின் பண்ணை நிகழ்ச்சி வாயிலாக அவ்விரகத்தின் சாகுபடி முறையை அவர்கள் அறிந்துகொண்டமையே அதற்குக் காரணம். இது பலருக்கும் தெரிந்த கதை. இதற்கு முன்னே, 1956இல், புனா நிலையம் ஐக்கிய நாடுகளின் கல்வி, பண்பாட்டு ஸ்தாபனமான யுனெஸ்கோவின் துணையோடு மகாராஷ்டிரப் பகுதியில் 150 கிராமங்களில் நடத்திய சோதனை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒவ்வொரு கிராமத்திலும் சிலர் கூடி நிகழ்ச்சியைக் கேட்பர். கேட்டபின் தமக்குள் விவாதிப்பர். எழுந்த ஐயங்களை நிலையத்துக்கு எழுதியனுப்புவர். அவற்றுக்கு மறுவாரம் விடை வரும். எந்தக் கிராமத்தில் இவ்வாறு கேள்வி எழுந்ததோ அங்கே புதிய தலைவர்களும் எழுந்தார்கள். வாய்திறந்து ஐயம் கேட்கப் பழகியவரே பின்னர்ப் பொதுக்கூட்டத்திலும் கணக்குக் கேட்கத் துணிவார் என்பது நம் சங்கத்து அனுபவமும் அல்லவா?

எனினும் அக்காலத்தில் ஒலிபரப்பும் உரிமை அரசாங்கத்தின் கையிலேயே இருந்தது. அக்கதவு திறந்த வரலாறு விசித்திரமானது. 1993இல் நடைபெற்ற ஒரு கிரிக்கெட் பந்தயத்தை யார் ஒளிபரப்புவது என்று வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் மத்திய அரசாங்கத்துக்கும் வழக்கு ஏற்பட்டது. 1995 பிப்ரவரி 9ஆம் தேதி உச்சநீதிமன்றம் அவ்வழக்கில் தீர்ப்பளித்தபோது, ஒலியலைகள் பொதுமக்களின் சொத்து என்று கூறிற்று. பந்து விளையாட்டில் தொடங்கிய சச்சரவு, குளத்து நீரையும் மேய்ச்சல் நிலத்தையும் போல வானத்து அலையும் ஊர்ப்பொது என்பதில் வந்து முடிந்தது. எனினும் 7 ஆண்டுகள் சென்ற பின்னரே, 2002 டிசம்பரில், கல்வி நிலையங்கள் சிறு வானொலி நடத்தலாம் என அரசாங்கம் இசைந்தது. 2006 நவம்பரில் இலாப நோக்கமற்ற மக்கள் அமைப்புகளுக்கும் வேளாண்மை அறிவியல் நிலையங்களுக்கும் அவ்வனுமதி விரிக்கப்பட்டது.

இந்தியாவில் முதலாவதாகத் தோன்றிய வளாகச் சமுதாய வானொலி நம் தமிழ்நாட்டினதே. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் 'அண்ணா எஃப்.எம்.' 2004 பிப்ரவரி 1ஆம் தேதி தொடங்கிற்று. மாணவர் மட்டுமே பேசி மாணவர் மட்டுமே கேட்பதாக அது நின்றுவிடவில்லை. அண்டையிலுள்ள எளிய குடியிருப்புகளின் பெண்கள் உடல்நலம், உணவு, அன்றாட வாழ்வில் அறிவியல் ஆகியவை பற்றித் தாமே நிகழ்ச்சி தயாரிக்கப் பழகினார்கள். சென்னையில் ஒரு மகளிர் கல்லூரியான எம்.ஓ.பி. வைஷ்ணவக் கல்லூரியும் அவ்வாறே ஒரு நிலையத்தை நிறுவியது.

இவ்வகை நிலையத்தின் இயல்பை அங்கத்தினர் அறிந்துகொள்வது நலம். தூத்துக்குடியின் 200 கிலோவாட்டை மேலே கூறினோம். இதற்கு அனுமதிக்கப்படும் வீச்சாற்றலோ 100 வாட்டுதான். முன்பு நம் வீடுகளில் தொங்கிய ஒரு பெரிய குண்டு பல்பின் அளவு அது. கோபுரம் 30 மீட்டருக்கு மேல் உயரலாகாது. பண்பலை நேர்கோட்டில் செல்வது. மேடும் கட்டடமும் அதனைத் தடுக்கும். ஆதலால் 5 முதல் 10 கிலோமீட்டர் வரையே எட்டும். இக்குறுகிய எல்லை ஒருவகையில் குணமே. ஓர் ஊரின் ஒலி அடுத்த வட்டாரத்தைத் தொடாமையால், 90.4 என்னும் ஒரே அலைவரிசையைப் பல ஊர்கள் தத்தம் எல்லைக்குள் பயன்படுத்திக்கொள்ள முடிகிறது. நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூரிலேயே தயாரிக்கப்பட வேண்டும் என்பது விதி. 2024இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, நிகழ்ச்சிகளை வகுக்கும் ஆலோசனைக் குழுவில் சரிபாதி பெண்களாக இருத்தல் வேண்டும். அவ்வாண்டின் தொடக்கத்தில் இந்தியா முழுவதிலும் இத்தகைய நிலையங்கள் 481 இருந்தன.

கல்லூரிக்கு வெளியே நடைபெறுவனவற்றுள் இரண்டைக் குறிப்பிட விரும்புகிறோம். தெலங்கானாவில் சகீராபாத்துக்கு அருகே மாச்சனூர் என்னும் சிற்றூரில் 2008 அக்டோபர் 15 முதல் 'சங்கம் ரேடியோ' நடைபெறுகிறது. தக்காண அபிவிருத்திச் சங்கத்தைச் சேர்ந்த தலித் பெண் விவசாயிகளே அதனை நடத்துகின்றனர். சிறுதானியம் பயிரிடுவோர் அவர்கள். விதையைச் சாம்பலிட்டுக் காப்பதும், எந்த மண்ணுக்கு எந்தத் தினை என்பதும் அவர்கள் அறிந்த வித்தை. அதனைக் கேட்பதற்கு வெளியூர் நிபுணரை அழைக்க வேண்டியதில்லை என்பதே அந்நிலையத்தின் கருத்து. மற்றொன்று நம் கடற்கரையிலேயே உள்ளது. பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15ஆம் தேதி தொடங்கிய 'கடல் ஓசை' மீனவ மக்களுக்காகவே நடைபெறும் வானொலி. காற்றின் வேகம், அலையின் உயரம், கடலுக்குச் செல்லலாமா என்னும் எச்சரிக்கை ஆகியவற்றை மீனவர் தம் பேச்சுவழக்கிலேயே அது கூறுகிறது.

எச்சரிக்கை என்றதும் 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் நினைவுக்கு வருகின்றன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஓராண்டு முழுவதும் பெய்ய வேண்டிய அளவினும் அது மிகுதி. நம் சாத்தான்குளத்தில் 47 சென்டிமீட்டர். பல இடங்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போயின. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுவிட, பயணிகள் வெள்ளத்தின் நடுவே தங்க நேர்ந்தது. எந்தப் பாலம் உடைந்தது, எந்தப் பள்ளியில் சோறு கிடைக்கிறது என்பது ஐந்து கிலோமீட்டர் தொலைவில் இருப்பவருக்குத் தெரியவில்லை. மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலிப்பெட்டி ஒரு தெருவுக்கு ஒன்று இருந்து, பேசுவதற்கு ஊரிலே மின்னாக்கியோடு கூடிய ஒரு நிலையமும் இருந்திருந்தால் எவ்வளவு அலைச்சல் குறைந்திருக்கும்! இயற்கைச் சேதம், குடிநீர், மின்சாரம், நோய்த்தடுப்பு ஆகியவை குறித்த அறிவிப்புகளைச் சமுதாய வானொலி தடையின்றி ஒலிபரப்பலாம்.

ஆனால் எல்லாவற்றையும் ஒலிபரப்பலாமா எனின், இல்லை. அரசியல் சார்ந்த செய்தியும் நடப்பு விவகாரமும் சமுதாய வானொலிக்கு விலக்கப்பட்டவை. ஆகாசவாணியின் செய்தியறிக்கையை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், மொழிபெயர்த்தும் தரலாம், தம் செய்தியாகச் சேர்க்கலாகாது. அச்சிட்ட பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் இல்லாத இத்தடை வானொலிக்கு மட்டும் ஏன் என்று 2013இல் உச்சநீதிமன்றத்தில் பொதுநல மனு ஒன்றும் தொடுக்கப்பட்டது.

இத்தடையின் பொருளை நம்மூரார் நன்கு உணர்வர். 2020 ஜூனில், நம்மூர்த் தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிறைக்காவலில் இருந்தபோது உயிரிழந்தனர். கடைகள் அடைத்தன, ஊர் துயரத்தில் ஆழ்ந்தது. எனினும் நாடு முழுவதும் அதனை அறிந்தது, சென்னையைச் சேர்ந்த பாடகி ஒருவர் ஆங்கிலத்தில் பேசித் தம் கைப்பேசி வாயிலாக வெளியிட்ட சில நிமிடப் பதிவு பரவிய பின்னரே. அப்பதிவின் சில விவரங்கள் பற்றி அப்போதே கருத்து வேறுபாடும் எழுந்தது. அவர் பேசியதில் குறைகாண நாம் முற்படவில்லை. நம்மூர்த் துன்பத்தை நம்மூர் வாயால் பொறுப்போடும் சரியாகவும் கூறுவதற்கு நம்மிடம் ஒரு சாதனம் இருக்கவில்லை என்பதே எம் குறை. அன்று இங்கே சமுதாய வானொலி இருந்திருந்தாலும் விதி அதன் வாயைக் கட்டியிருக்கும். தன் தெருவில் நடந்ததைத் தன் தெருவாருக்குக் கூற உரிமையில்லாத நிலையத்தை முழுமையான ஊர்க்குரல் என்று எவ்வாறு கூறுவது? இத்தடை நீங்க வேண்டும் என்பதே எம் கருத்து. பொய்ச்செய்திக்கு அஞ்சுவோர், பத்திரிகைக்குள்ள சட்டப்பொறுப்பை இதற்கும் விதிக்கலாம்.

இவ்விடத்தில்தான் பாட்காஸ்ட் பயன்படுகிறது. அண்ணா எஃப்.எம். தொடங்கிய அதே 2004 பிப்ரவரியில்தான் ஓர் ஆங்கிலப் பத்திரிகைக் கட்டுரையில் இச்சொல் முதன்முதலாகத் தோன்றியது. பேச்சைப் பதிவுசெய்து இணையத்தில் வைத்துவிடுவர். விரும்புவோர் விரும்பிய நேரத்தில் கைப்பேசியில் கேட்டுக்கொள்வர். கோபுரம் வேண்டுவதில்லை, அலைவரிசை உரிமமும் வேண்டுவதில்லை, நடப்பு விவகாரத்துக்கு மேற்கூறிய தடையும் இல்லை. மும்பையிலும் துபாயிலும் தொழில் செய்யும் நம்மூர்ப் பிள்ளைகளும் கேட்கலாம். குறை என்னவெனில், தேடுவோருக்கே அது கிட்டும். வானொலி, தேடாதவர் வீட்டுக்கும் தானே செல்லும். கேட்பதற்குக் காசும் இல்லை. கைப்பேசியில் பண்பலை கேட்கும் வசதியைப் பல கம்பெனிகள் கைவிட்டமையால், அதனைத் தொடர்ந்து அமைக்குமாறு 2023 ஏப்ரலில் மத்திய அரசாங்கம் அறிவுறுத்த நேர்ந்தது. புதுக் கைப்பேசி வாங்குவோர் இதனைக் கடைக்காரரிடம் கேட்டுப் பார்த்து வாங்குவது நன்று.

இரண்டையும் இணைத்த முன்னோடி அக்கரையில் உண்டு. இலங்கையில் மகாவலித் திட்டத்தில் குடியேறியோருக்காக 1981இல் சமுதாய வானொலி தொடங்கிற்று. அவ்வழியில் தோன்றிய கொத்மலை நிலையத்தில் 1999இல் இணையத்தையும் சேர்த்தனர். கிராமத்தார் கேட்ட கேள்விக்கு நிலையத்தார் இணையத்தில் விடை தேடி, அதனை ஊர்மொழியில் வானொலியில் கூறினர். புனாவில் தபாலட்டை செய்த வேலையை அங்கே கணிப்பொறி செய்தது.

இனிப் பணவிஷயம். 1924இல் கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் தோன்றிய சென்னை மாகாண ரேடியோ கிளப் 40 வாட்டில் ஒலிபரப்பிற்று. ஆர்வலர் சேர்ந்து நடத்திய அக்கழகம் 1927இல் பணமின்றி மூடப்பட்டது. கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை நகரசபை 1930இல் மீண்டும் ஒலிபரப்பத் தொடங்கிற்று. கருவி வாங்குவதைவிட மாதந்தோறும் நடத்துவதே கடினம் என்பது அன்றே தெரிந்த பாடம். 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் செய்யலாம். அரசாங்க விளம்பரத்துக்குப் பத்து விநாடிக்கு ரூ.74 கட்டணம். பன்னிரண்டு நிமிடமும் நிரம்பினால் மணிக்கு ரூ.5,328 ஆகும். நிரம்புவது எங்கே! ஆகவே சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்துவதினும், கட்டடமும் மின்சாரமும் ஓய்வுநேர மாணவரும் உள்ள கல்லூரியைச் சார்ந்து நடத்துவதே நிலைக்கும்.

சாத்தான்குளத்தில் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. அங்கே நிலையம் அமையுமாயின் முதலூருக்கு எட்டும். தட்டார்மடத்துக்கு எட்டுவது கோபுரத்தின் உயரத்தையும் தேரிமேட்டையும் பொறுத்தது. உடன்குடிக்கும் திசையன்விளைக்கும் எட்டாது. அவ்வூர்களுக்குப் பதிவொலியே வழி. உரிமத்துக்கு விண்ணப்பிப்பது கல்லூரியின் பொறுப்பு. ஆனால் எப்போது, எதைப் பேசுவது என்பதை வகுக்கையில் நம்மவர் உடனிருத்தல் வேண்டும். மாணவியருக்கு ஏற்ற நேரம் காலை பத்து மணியாக இருக்கலாம். முருங்கை ஏற்றுவோருக்கு அப்போது சந்தை முடிந்துவிட்டிருக்கும். அவர்களுக்கு விலை நிலவரம் விடியுமுன் வேண்டும். பதநீர் இறக்குவோர் நண்பகலில்தான் நிழலுக்கு வருவர். தறியில் இருப்போருக்கோ பிற்பகல் முழுவதும் காது சும்மா இருக்கிறது. வரும் மாதக் கூட்டத்துக்கு வரும் அங்கத்தினர், தத்தம் தொழிலுக்கு ஏற்ற நேரத்தையும், தாம் பேசக்கூடிய ஒரு விஷயத்தையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வருமாறு கோருகிறோம்.