பேனா கைமாறும்போது: அமெரிக்கப் பகல்நேரத் தொடர்களும் ரசிகர்களின் தீர்ப்பும்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் பகல்நேரத் தொடர்களில் கதைக்கு முழுப்பொறுப்பு ஏற்பவர் தலைமை எழுத்தாளர். வாரத்துக்கு ஐந்து நாள், ஆண்டுக்கு ஏறத்தாழ 250 எபிசோடு என்று பல பத்தாண்டுகள் ஓடும் இத்தொடர்களில் நடிகர்கள் மாறுவார்கள். இயக்குநர்களோ நாளுக்கு ஒருவர். யார் யாரை மணப்பது, எந்தக் குடும்பம் உடைவது, எந்த ரகசியம் எப்போது அம்பலமாவது என்பதையெல்லாம் தலைமை எழுத்தாளரே வகுக்கிறார். அந்தப் பொறுப்பு கைமாறும்போதெல்லாம் ரசிகர்களிடையே ஒரு வாதம் கிளம்புகிறது: தொடர் தேறிவிட்டதா, கெட்டுவிட்டதா?

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பொழுதுபோகாதவர்களின் சண்டையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கதையை இருபது முப்பது ஆண்டுகள் விடாமல் பார்த்தவர்களுக்கு அதன் பாத்திரங்களைப் பற்றி இருக்கும் அறிவு, நேற்று பொறுப்பேற்ற எழுத்தாளருக்கு இருப்பதில்லை. வாதத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஒரு ஆயுளைத் தாண்டும் கதை

இக்கலையின் தாய் என்று சொல்லத்தக்கவர் இர்னா ஃபிலிப்ஸ். அவர் உருவாக்கிய 'தி கைடிங் லைட்' 1937இல் வானொலியில் தொடங்கி, 1952இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009இல் முடிந்தது. 72 ஆண்டுகள் ஓடும் கதையை ஒருவரே எழுதிவிட முடியாது. ஃபிலிப்ஸிடம் தொழில் கற்ற ஆக்னஸ் நிக்சன் பின்னாளில் 'ஒன் லைஃப் டு லிவ்' (1968), 'ஆல் மை சில்ட்ரன்' (1970) ஆகியவற்றைப் படைத்தார். இன்னொரு சீடரான வில்லியம் பெல், மனைவி லீ பிலிப் பெல்லுடன் சேர்ந்து 1973இல் 'தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ்' தொடரைத் தொடங்கி, 1998 வரை 25 ஆண்டுகள் தானே தலைமை எழுத்தாளராக இருந்தார். பகல்நேரத் தொடர்களில் அது முதலிடத்தைப் பிடித்ததும் அவர் காலத்தில்தான்.

பெல்லைப் போல அமைவது அரிது. அவருக்குப் பிறகு அதே தொடரில் தலைமை எழுத்தாளர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறினார்கள். அதனால் ரசிகர்கள் தொடரின் வரலாற்றை எழுத்தாளர்களின் பெயரால் பிரித்துப் பேசுகிறார்கள். பெல் காலம், லதாம் காலம், பிராட் காலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் உண்டு.

கதை உருவாகும் விதம்

தலைமை எழுத்தாளர் முதலில் பல மாதங்களுக்கான நெடுங்கதையை எழுதுகிறார். நிர்வாகத் தயாரிப்பாளரும் தொலைக்காட்சி நிறுவனத்தின் அதிகாரிகளும் அதற்கு ஒப்புதல் தர வேண்டும். பிறகு கதை வாரங்களாகவும் நாட்களாகவும் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு நாளும் எந்தக் காட்சி எங்கே, யார் யார் அதில் என்ற சுருக்கத்தை ஒரு குழு எழுதுகிறது. வசனத்தை இன்னொரு குழு எழுதுகிறது. எல்லாரும் ஒரே குரலில் பேசுவதற்கு வசனத் திருத்துநர் பொறுப்பு.

பணக்கணக்கும் கதைக்குள் நுழைகிறது. ஒரு நடிகரை வாரத்துக்கு இத்தனை எபிசோடு என்று ஒப்பந்தம் செய்திருப்பார்கள். அதற்கு மேல் அழைத்தால் கூடுதல் சம்பளம். ஒரு நாளில் எத்தனை அரங்குகள் போடலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. பிடித்த பாத்திரம் மூன்று வாரமாகக் காணோம் என்று ரசிகர் புதிய எழுத்தாளரைத் திட்டும்போது, உண்மைக் காரணம் கணக்குப் பிரிவில் இருக்கலாம்.

வரலாற்றைக் கற்று வந்தவர்

புதிய எழுத்தாளரை அளக்க ரசிகர்கள் இன்றும் எடுக்கும் அளவுகோல் டக்ளஸ் மார்லண்ட். 'ஜெனரல் ஹாஸ்பிடல்', 'கைடிங் லைட்' ஆகியவற்றில் பெயர் பெற்ற அவர், 1985இல் 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' தொடருக்கு வந்து 1993இல் இறக்கும்வரை அதை எழுதினார். தொடரின் பழைய குடும்பமான ஹியூஸ் குடும்பத்தை மீண்டும் நடுவில் வைத்தார். கூடவே ஸ்னைடர் என்ற விவசாயக் குடும்பத்தைப் புதிதாகக் கொண்டுவந்தார்.

புதிய குடும்பத்தைப் புகுத்துவது எந்தத் தொடரிலும் ஆபத்தான வேலை. பார்வையாளர்கள் அவர்களை அழையா விருந்தாளிகளாகவே பார்ப்பார்கள். மார்லண்ட் அதைக் கையாண்ட விதம் கவனிக்கத்தக்கது. தொடரில் ஏற்கெனவே லில்லி என்ற செல்வந்தர் வீட்டுப் பெண் இருந்தாள். அவள் தத்துப்பிள்ளை என்பதும், அவளைப் பெற்றவள் ஸ்னைடர் குடும்பத்து ஐவா என்பதும் கதையில் தெரியவந்தது. பார்வையாளர்கள் முன்பே நேசித்த ஒருத்தியின் இரத்த உறவாக வந்ததால் அந்தக் குடும்பம் வேர் பிடித்தது. தொடர் 2010இல் முடியும்வரை நிலைத்தது.

ஒரு தொடரைக் கெடுக்காமல் இருப்பது எப்படி என்று அவர் வகுத்த விதிகள் 1990களின் தொடக்கத்தில் வெளிவந்தன. தொடரைப் பார், அதன் வரலாற்றைக் கற்றுக்கொள், ரசிகர் கடிதங்களைப் படி, முதல் ஆறு மாதம் யாரையும் வேலையிலிருந்து நீக்காதே, புதிய பாத்திரங்களை மெதுவாக வளர், மையப் பாத்திரத்தின் இயல்பை மாற்றாதே என்பவை அவற்றின் சாரம். ரசிகர்கள் ஒரு புதிய எழுத்தாளர்மீது வைக்கும் குற்றச்சாட்டு ஏறக்குறைய எப்போதும் இவற்றில் ஒன்றை மீறியதாகவே இருக்கும்.

ஒரு காட்சியின் பின்னால் இருப்பவை

நல்ல எழுத்து என்று ரசிகர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பதை 'ஜெனரல் ஹாஸ்பிடல்' தொடரில் கிளேர் லபைன் எழுதிய காலம் காட்டுகிறது. அவர் 1993இல் பொறுப்பேற்றார். 1994இல் மருத்துவர் டோனி ஜோன்ஸின் சிறுமகள் பி.ஜே., பள்ளிப் பேருந்து விபத்தில் மூளைச்சாவு அடைகிறாள். அதே வேளையில் டோனியின் தம்பி மகள் மாக்சி இதயம் பழுதாகிச் சாவின் விளிம்பில் கிடக்கிறாள். பெற்றோர் மகளின் இதயத்தை மாக்சிக்குக் கொடுக்கச் சம்மதிக்கிறார்கள். சிகிச்சைக்குப் பிறகு டோனி, மாக்சியின் நெஞ்சில் தலை சாய்த்துத் தன் மகளின் இதயத் துடிப்பைக் கேட்கிறார்.

காட்சியில் வசனத்துக்கு வேலையே இல்லை. ஆண்டுக்கணக்கில் அந்தக் குடும்பத்தோடு வாழ்ந்த பார்வையாளர்களுக்கு இரு குழந்தைகளையும் தெரியும், அண்ணன் தம்பி உறவு தெரியும். லபைன் அந்த முன்னறிவை முழுவதும் நம்பி எழுதினார். அடுத்த ஆண்டு ஸ்டோன் என்ற இளைஞன் எய்ட்ஸால் இறப்பதையும், அவன் காதலி ராபினுக்கு எச்ஐவி தொற்று இருப்பதையும் எழுதியபோதும் அதே பலம் இருந்தது. ராபினாக நடித்த கிம்பர்லி மெக்கல்லோவைப் பார்வையாளர்கள் 1985 முதல், குழந்தையாக இருந்த நாளிலிருந்து பார்த்து வந்தார்கள்.

எண்ணிக்கையும் தரமும்

தரம் என்பதைப் பார்வையாளர் எண்ணிக்கையால் அளக்கலாம் என்பவர்களுக்கு 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' ஒரு சான்று. 1990களின் தொடக்கத்தில் அதன் தலைமை எழுத்தாளரான ஜேம்ஸ் ரெய்லி, ஒரு பெண்ணை உயிரோடு புதைத்தார். மனநல மருத்துவரான நாயகி மார்லீனாவின் உடலில் பேயைப் புகுத்தினார். மிகைக் கற்பனை என்று பழைய ரசிகர்கள் பலர் கொதித்தார்கள். ஆனால் பார்வையாளர் எண்ணிக்கை ஏறியது. இளையவர்கள் புதிதாக வந்தார்கள்.

அதே ரெய்லி 2003இல் திரும்பி வந்தபோது தொடர்கொலைக் கதை ஒன்றை எழுதினார். 1965இல் தொடர் தொடங்கிய நாளிலிருந்து இருந்த பாட்டி ஆலிஸ் ஹார்ட்டன் உட்படப் பலர் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். கொலையாளி மார்லீனா என்று காட்டப்பட்டது. பிறகு இறந்தவர்கள் அனைவரும் ஒரு தீவில் உயிரோடு இருப்பதாகக் கதை திரும்பியது. பலர் அழுது முடித்த மரணங்கள் செல்லாதவை ஆயின. இனி வரும் எந்தச் சாவையும் பார்வையாளர் நம்பத் தயங்குவார். எண்ணிக்கையில் உடனே தெரியாத இழப்பு இது.

எண்ணிக்கையை நம்பித் தவறிய இன்னொரு முடிவும் பேசப்படுவதுண்டு. 'கைடிங் லைட்' தொடரில் மோரீன் பாவர் பரபரப்பில்லாத நல்ல மனுஷி. குடும்பத்தைக் கட்டிக் காத்தவள். மாதிரிப் பார்வையாளர் குழுக்களிடம் கருத்துக் கேட்டபோது அவளுக்கு வரவேற்பு குறைவாக இருந்ததால் 1993இல் கார் விபத்தில் சாகடித்தார்கள். அவள் போன பிறகு பாவர் குடும்பத்துக்கு மையமே இல்லாமல் போயிற்று. அந்தத் தொடரின் சரிவு அங்கிருந்துதான் தொடங்கியது என்று கருதும் ரசிகர்கள் ஏராளம்.

பழைய கதையில் கைவைத்தல்

மிகக் கடுமையான வாதங்கள், முன்பே நடந்து முடிந்த கதையைப் புதிய எழுத்தாளர் திருத்தும்போது எழுகின்றன. 'ஆல் மை சில்ட்ரன்' நாயகி எரிக்கா கேன் 1973இல் கருக்கலைப்புச் செய்துகொண்டாள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் சட்டபூர்வமாக்கிய அதே ஆண்டில் ஒளிபரப்பான துணிச்சலான கதை அது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, மேகன் மெக்டாவிஷ் தலைமை எழுத்தாளராக இருந்தபோது, அந்தக் கரு அழிக்கப்படவே இல்லை, மருத்துவர் அதைத் தன் மனைவியின் வயிற்றில் வைத்து வளர்த்தார், அந்த மகன்தான் ஜாஷ் என்று கதை மாற்றப்பட்டது. மருத்துவத்தில் நடக்கவே முடியாத இந்தத் திருப்பம், ஒரு பெண் தன் வாழ்வு குறித்து எடுத்த முடிவையே இல்லாமல் ஆக்கியது என்பது ரசிகர்களின் கோபம்.

பழங்கதையைத் தொட்டாலே தவறு என்பதில்லை. 'ஜெனரல் ஹாஸ்பிடல்' தொடரில் 1979இல் லூக், லாராவை வன்புணர்ந்தான். பிறகு இருவரும் காதலர்கள் ஆனார்கள்; 1981 நவம்பரில் அவர்களின் திருமணத்தை ஏறத்தாழ 3 கோடிப் பேர் பார்த்தார்கள். நடந்த குற்றத்தைத் தொடர் பூசி மெழுகிவிட்டது. 1998இல் அவர்களின் மகன் லக்கிக்கு உண்மை தெரியவருவதாக எழுதி, அதை வன்புணர்வு என்றே பாத்திரங்களின் வாயால் சொல்ல வைத்தார்கள். எரிக்காவின் கதையில் வரலாறு அழிக்கப்பட்டது. லாராவின் கதையில் அது நேருக்கு நேர் எதிர்கொள்ளப்பட்டது. ரசிகர்கள் இரண்டையும் வேறுபடுத்தியே பேசுகிறார்கள்.

தீர்ப்புக்கு முன் பார்க்க வேண்டியவை

எபிசோடுகள் ஒளிபரப்புக்குப் பல வாரங்கள் முன்பே படமாகிவிடுகின்றன. 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' மாதக்கணக்கில் முன்னதாகவே எடுக்கப்படுகிறது. எனவே புதியவர் நியமிக்கப்பட்ட செய்தி வந்த பிறகும் திரையில் ஓடுவது பழையவரின் கதை. பெயர் மாறிய பிறகும், முந்தையவர் பாதியில் விட்ட முடிச்சுகளைப் புதியவர் அவிழ்க்க வேண்டியிருக்கும். முதல் சில வாரங்களைப் பார்த்துச் சொல்லும் பாராட்டும் வசவும் பெரும்பாலும் ஆள் மாறிப் போய்ச் சேர்கின்றன.

வெளிக்காரணங்களும் உண்டு. 1995இல் ஓ.ஜே. சிம்ப்சன் கொலை வழக்கின் நேரடி ஒளிபரப்பு பகல் நேரத்தை விழுங்கியது. விட்டுப்போன பார்வையாளர்களில் பலர் திரும்பவில்லை. 2007–08, 2023 எழுத்தாளர் வேலைநிறுத்தங்களின்போது தொடர்கள் நிற்கவில்லை. மாற்று ஆட்களைக் கொண்டு எழுதப்பட்டன. அந்த மாதங்களின் குறைகளைத் தலைமை எழுத்தாளர்மேல் சுமத்துவது நியாயமாகாது.

அவகாசமும் சுருங்கிவிட்டது. 2024இல் 'ஜெனரல் ஹாஸ்பிடல்' தொடருக்குப் பாட்ரிக் மல்கேஹியும் எலிசபெத் கோர்ட்டேயும் தலைமை எழுத்தாளர்களாக வந்தார்கள். சில மாதங்களிலேயே மல்கேஹி விலக, முன்பு அப்பொறுப்பில் இருந்த கிறிஸ் வான் எட்டன் திரும்பி வந்தார். ஒரு நெடுங்கதை பூத்துக் காய்ப்பதற்கான காலம்கூட அங்கே கிடைக்கவில்லை.

எஞ்சியிருக்கும் தொடர்கள்

1990இல் ஒரு டஜன் அளவில் இருந்த பகல்நேரத் தொடர்களில் பல முடிந்துவிட்டன. 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' 2022இல் தொலைக்காட்சியை விட்டு பீக்காக் இணையத் தளத்துக்குப் போனது. 2025 பிப்ரவரியில் மிஷேல் வால் ஜீன் படைத்த 'பியாண்ட் தி கேட்ஸ்' சிபிஎஸ்ஸில் தொடங்கியது. 1999இல் வந்த 'பேஷன்ஸ்' தொடருக்குப் பிறகு பெரிய தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று தொடங்கிய முதல் புதிய பகல்நேரத் தொடர் அது. 1990களில் ஸ்டார் பிளஸ் வழியாக இந்திய வீடுகளுக்கும் வந்த 'தி போல்ட் அண்ட் தி பியூட்டிஃபுல்' இன்னும் ஓடுகிறது.

தொடர்கள் குறையக் குறைய, இருப்பவற்றின்மேல் ரசிகர்களின் கண் கூர்மையாகியிருக்கிறது. அவர்கள் கேட்பவை நியாயமான கேள்விகள்: பாத்திரம் தன் இயல்புப்படி நடக்கிறதா? செயலுக்கு விளைவு உண்டா? மூத்த நடிகர்களுக்குக் கதை இருக்கிறதா? நடந்தது நடந்ததாகவே மதிக்கப்படுகிறதா? எந்த எழுத்தாளரும் சில ஆண்டுகளில் போய்விடுவார்; தயாரிப்பாளரும் மாறுவார். ஒரு பாத்திரத்தின் ஐம்பது ஆண்டு வாழ்க்கையை மறக்காமல் வைத்திருப்பது பார்வையாளர்கள் மட்டுமே. ஆகவே புதிதாக வருபவர் அவர்களிடம் இருக்கும் வரலாற்றைக் கற்றுக்கொண்டு எழுதத் தொடங்க வேண்டும். அவருடைய சொந்தக் கதை திரைக்கு வந்து ஒரு சுற்று முடியும்வரை பார்வையாளர்களும் தீர்ப்பை நிறுத்திவைக்க வேண்டும்.