வால்வுத் தொற்றின் கிருமியை மரபணுவால் அறிதல்

“இதய வால்வில் தொற்று உள்ளது, ஆனால் இரத்தப் பரிசோதனையில் கிருமி வளரவில்லை.” இதைக் கேட்கும் குடும்பத்தினர் குழம்புவது இயல்பே. இரத்தம் எடுப்பதற்கு முன்பே ஆன்டிபயாடிக் மருந்து உட்கொண்டிருந்தால், கிருமி ஆய்வகத்தில் வளராமற்போகலாம். கால்நடைகளிடமிருந்து பரவும் காக்சியெல்லா, பூனைகளோடு தொடர்புடைய பார்டோனெல்லா போன்றவை வழக்கமான முறையில் எளிதில் வளர்வதில்லை.

இத்தகைய நிலையில், அறுவை சிகிச்சையில் அகற்றப்படும் வால்வுத் திசு துணைபுரிகிறது. எல்லாப் பாக்டீரியாக்களிலும் 16எஸ் என்னும் மரபணு உண்டு. ஏறத்தாழ 1,500 மரபெழுத்துகள் கொண்ட அதன் வரிசை இனத்துக்கு இனம் வேறுபடும். திசுவிலிருந்து அவ்வரிசையைப் படித்துக் கிருமி எதுவென அறிகிறோம். அதற்குரிய மருந்தைத் தேர்ந்தெடுக்கிறோம். 2023-இல் திருத்தப்பட்ட டியூக் நோயறிதல் வரையறைகளும் இத்தகைய மரபணுச் சோதனைகளை ஏற்றுள்ளன.

எனினும், சிகிச்சையால் இறந்த கிருமியின் மரபணுவும் திசுவில் நெடுநாள் எஞ்சியிருக்கக்கூடும். ஆகவே, இம்முடிவை மட்டும் கொண்டு மருந்தை நீட்டிப்பதில்லை. நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டே தீர்மானிக்கிறோம்.

தாங்கள் முன்னர் உட்கொண்ட மருந்துகளையும், கால்நடை, பூனை ஆகியவற்றோடு உள்ள தொடர்பையும் மறவாமல் எங்களிடம் தெரிவியுங்கள். எதைத் தேட வேண்டும் என்பதை அச்சொற்களே எங்களுக்குக் காட்டும்.